சாவுக்குக் கூடும் தோட்டம் வாழும்போதும் கூடினால்...

மலையகத் தோட்டமொன்றில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால் என்ன நடக்கும் என்பதை எமது வாசகர்களில் பலர் நன்கு அறிவார்கள். செய்தி மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்குப் போய்ச்சேர அரைமணி நேரம்கூட எடுக்காது. தப்பு முழங்கும். மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர் சங்கப் பணத்தோடு வந்துவிடுவார். இளைஞர்கள் கம்பும் தகரமும் சுமந்துவந்து பந்தல் போடுவார்கள். ஒரு கூட்டம் மண்வெட்டியோடு குழி வெட்டப் போகும். பக்கத்துக் காம்பராவில் பெரிய கேத்தலில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டே இருக்கும். முகம் பார்த்துப் பேசாத சண்டைக்காரரும் அன்று வந்து திண்ணையில் உட்காருவார். யாரும் யாரையும் ஏவுவதில்லை. மாதாமாதம் கொடுத்துவந்த சிறு தொகை அன்றைக்கு ஒரு குடும்பத்தைக் கடனாளியாகாமல் காப்பாற்றும்.

இது சிறிய காரியமன்று. அரசாங்கமோ கம்பனியோ வந்து கற்பிக்காமல், எம்மக்கள் தாமாகவே உண்டாக்கி நடத்திவரும் அமைப்பு இது. ஆயினும் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கேள்வி மனதில் எழாமல் இருப்பதில்லை. இறந்துபோனவர் கடைசி ஐந்து வருடமாக இஸ்தோப்பில் தனியாகக் குந்திக்கொண்டிருந்தாரே, அப்போது எத்தனை பேர் அவரிடம் போய் உட்கார்ந்தோம்?

பதுளை, பசறை, லுணுகலை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை என்று பரந்துகிடக்கும் ஊவாத் தோட்டங்களின் முதியவர்களைப் பற்றியும், அவர்களுக்குத் துணைநிற்கக்கூடிய அயலவர் தொண்டர்களைப் பற்றியும் இங்கே எழுதுகின்றோம். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் அடிபட்டுத் தோட்டங்களை விட்டுக் கிளம்பி, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கமம் செய்து, அங்கிருந்தும் யுத்தத்தினால் ஓட நேர்ந்த குடும்பங்கள் பல. அவர்களின் தாய்வீடு இந்த மலைகள்தான். எனவே இங்கே சொல்லப்படுவது அயலார் கதையன்று. உங்கள் கொட்டிலின் மூலையில், விட்டுவந்த கிணற்றையும் மாட்டையும் நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் பெரியவருக்கும் இது பொருந்தும்.

பத்துமணி லயம்

காலை பத்து மணிக்கு ஒரு லயத்துக்குப் போய்ப் பார்த்தால் விடயம் விளங்கும். வேலைக்காரர் பெரட்டுக்குப் போய், மலை ஏறிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்விட்டன. கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில். கொழும்புக் கடையில் நிற்கும் பையன் தீபாவளிக்குத்தான் வருவான். மத்தியகிழக்குக்குப் போன மகள் இரண்டு வருடம் கழித்து. லயத்தில் மிஞ்சியிருப்பவர்கள் வயதானவர்கள் மட்டுமே. ஒருவர் வெயில் விழும் இடத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருப்பார். இன்னொருவர் சிறிய உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். உள்ளே ஒருவர் படுக்கையிலேயே கிடப்பார். அவர் இருமுவது மூன்று காம்பரா தள்ளியும் கேட்கும், சுவர் அப்படிப்பட்டது.

தோட்டத்தில் தனிமை என்று சொன்னால் வெளியார் சிலர் நம்புவதில்லை. ஒரு கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒட்டிக்கொண்டு வாழும்போது தனிமை எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். நாம் கண்டவரையில், ஆள் சத்தம் இல்லாததனால் வரும் தனிமை இது அன்று. தன்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, தன்னால் ஆகவேண்டிய காரியம் இனி ஒன்றுமில்லை என்று ஒருவருக்குத் தெரிந்துபோவதனால் வருவது. சுற்றிலும் நடமாட்டம் இருக்க, அதில் தனக்குப் பங்கில்லை என்பது வெறும் வீட்டில் இருப்பதைவிடக் கொடியது.

பேர் நின்றபின்

தோட்டத்திலே ஒரு ஆளுக்கு மதிப்பு, செக்ரோலில் பேர் இருக்கும்வரைதான். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வேலைக்கு இறங்கி, நாற்பது நாற்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த பெண்ணுக்குக் கடைசியில் கிடைப்பவை மூன்று: 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி, 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதி, 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணிக்கொடை. மூன்றுமே ஒருமுறை கைக்கு வந்து கரைந்துபோகும் பணம். மாதாமாதம் வரும் ஓய்வூதியம் கிடையாது. அந்தத் தொகை மகளின் கலியாணத்துக்கோ, மகனின் வெளிநாட்டு ஏஜென்சிக்கோ, பழைய கடனுக்கோ போய்விடுகிறது. அதிலே குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. வீட்டிலே இருந்த ஒரே பெரிய பணம் அதுதான்.

குடியிருக்கும் அறையும் தோட்டத்தினுடையது. வீட்டில் வேலைசெய்யும் ஆள் ஒருவரும் இல்லாமற்போனால் அறையைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் பல முதியவர்களிடம் உண்டு. அதனால் மகன் குடித்துவிட்டு அடித்தாலும் வெளியில் சொல்லமாட்டார்கள். மருமகள் சாப்பாடு வைக்க மறந்தாலும் சொல்லமாட்டார்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி முறையிடுவதற்கு ஒரு சபையே இருக்கின்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெற்ற பிள்ளைமேல் முறைப்பாடு எழுதக் கையெழுத்துப் போடும் தாய்மார் எத்தனை பேர்? மகனுடைய நாட்சம்பளமே அரிசிக்குப் போதாத வீட்டில் அந்த உத்தரவு எதை வாங்கித் தரும்? சட்டத்தை அறிந்திருப்பது அவசியம். அதையே நம்பியிருக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கின்றது. ஊவாவின் இன்றைய முதியவர்கள், நாடே இல்லாதவர்களாக வளர்ந்தவர்கள். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களின் தாய்தகப்பனை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 150,000 பேரை 1974 இல் இரண்டு அரசாங்கங்களும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைப் பிரசாவுரிமை என்று வந்தது. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது இதனால்தான். 1984 இல் கப்பலும் நின்றது. மிஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்குப் பெரும்பாலும் முடிவு வந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு.

சட்டப் பிரச்சினை தீர்ந்தது, பிரிவு தீரவில்லை. நீலகிரியில் கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போன உடன்பிறப்புகளிடமிருந்து சில காலம் கடிதம் வந்தது. எழுதிக்கொடுத்தவர் இறந்தார், விலாசம் மாறியது, கடிதம் நின்றது. எண்பது வயதில் ஒருவர் இருந்திருந்துவிட்டு அக்காவின் பெயரைச் சொல்லி அழுதால், புத்தி தடுமாறுகிறது என்று நினைக்க வேண்டாம். கேட்டுப்பாருங்கள், ரயில் புறப்பட்ட நாளைத் தவறில்லாமல் சொல்வார்.

உலகமெங்கும் பேசப்படும் நோய்

முதியோர் தொகை நாடு முழுவதும் பெருகிவருகின்றது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 7.9 பேர், 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 12.6 பேர். இளையோர் தொகை குறைய, பார்க்க வேண்டியவர் தொகை கூடுகின்றது.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையொன்று, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகவும், அதனோடு தொடர்புடைய மரணங்கள் வருடத்துக்கு ஏறத்தாழ 871,000 என்றும் கணக்கிட்டது. இருதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, மறதிநோய் ஆகியவற்றுக்கும் தனிமைக்கும் தொடர்பு உண்டென்று அது சொல்கிறது. பிரித்தானியா 2018 இலும் யப்பான் 2021 இலும் தனிமைக்கென்றே அமைச்சர்களை நியமித்தன. எமக்கு அமைச்சர் தேவையில்லை, ஆள் தேவை. அந்த ஆள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதற்கு, கடலுக்கு அப்பால் மிக அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கின்றது.

கேரளத்து அயலவர்

1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரும் நண்பர்களும் சேர்ந்து, தீராத நோயாளரின் வலி தணிக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினர். சில வருடங்களில் அவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்தது. மருந்து கொடுத்தால் வலி குறைகிறது. ஆனால் வீட்டுக்குப் போன நோயாளிக்கு அரிசி இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் இல்லை, பேச ஆள் இல்லை. இதை டாக்டர்மாரால் செய்ய முடியாது, அயலவரால் முடியும். அப்படித்தான் 2001 அளவில் மலப்புறம் மாவட்டத்தில் அயலவர் வலையமைப்பு உருவானது. விவசாயிகள், ஆசிரியர்கள், கடைக்காரர், கல்லூரி மாணவர் எல்லோரும் சேர்ந்தனர். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் தரமுடியுமா என்றுதான் முதலில் கேட்டார்கள். சம்மதித்தவருக்குப் பதினாறு மணித்தியால வகுப்பு; பிறகு அனுபவசாலிகளோடு நாலு நாள் வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும். பணத்தின் பெரும்பகுதி ஊர்மக்களின் சில்லறைக் காசிலிருந்து வந்தது. புற்றுநோயாளருக்கென்று தொடங்கியது, படுக்கையில் கிடக்கும் முதியோருக்கும் விரிந்தது. 2008 இல் கேரள அரசாங்கம் இதைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தொகையோ புகழோ அன்று. அந்தத் தொண்டர் வெறும் கையோடு நலம் விசாரிக்கப் போகவில்லை. ஒரு காரியத்தோடு போனார். புண் துடைக்க, மருந்து கொண்டுவர, படிவம் நிரப்ப. காரியம் செய்துகொண்டிருக்கும்போது பேச்சு தானாக வந்தது.

எமது தோட்டங்களிலும் இப்படித்தான் தொடங்க முடியும் என்று நினைக்கின்றோம். "பாட்டி, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று ஒரு இளம்பிள்ளை போய் நின்றால், பாட்டிக்குச் சங்கடம், பிள்ளைக்கும் சங்கடம். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். அடுத்த வாரம் பிள்ளை வராது. "பாட்டி, உங்க முதியோர் அடையாள அட்டைக்கு விபரம் எழுத வந்தேன்" என்று போனால் ஒரு மணித்தியாலம் போவது தெரியாது. பிறந்த இடம் எது என்று கேட்டாலே பாதி வாழ்க்கை வந்துவிடும்.

கையில் ஒரு காரியம்

அப்படியான காரியங்களுக்குப் பஞ்சமில்லை.

முதியோர் அடையாள அட்டை 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் கிடைக்கும். 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு மாதாந்த முதியோர் கொடுப்பனவு உண்டு. 2023 இல் அஸ்வெசும திட்டம் வந்தபின் பழைய பட்டியல்களும் படிவங்களும் மாறின. இவற்றையெல்லாம் தானாகக் கேட்டறிந்து, கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பஸ் ஏறிப்போய் வரிசையில் நின்று முடிக்கக்கூடிய தோட்டத்து முதியவர் மிகச் சிலரே. பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் வேறொரு பெயர். முத்தம்மா, முத்தாயி, முத்துலெட்சுமி மூவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி எழுதிக் காட்ட வேண்டும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. தமிழில் கேட்கவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. இருந்தும் சிங்களத்தில் வந்த கடிதம் வாசிக்கப்படாமலே அரிசிப் பெட்டிக்குள் கிடந்து, கடைசித் திகதி கடந்துபோவது நடக்கின்றது. க.பொ.த. சாதாரண தரம் படித்து வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளை, வாரத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்கினால் ஒரு லயத்தின் கடதாசி வேலை முழுவதையும் முடித்துவிடலாம்.

அடுத்தது கண். வெண்புரை மறைத்துக் குருடாகிவிட்டதாக எண்ணி மூலையில் உட்கார்ந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். சத்திரசிகிச்சை அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. தடை என்னவென்றால், அதிகாலை பஸ்சுக்குக் கூட்டிப்போகவும், அன்று முழுவதும் கூடவே நிற்கவும், பிறகு சில வாரங்கள் சொட்டு மருந்து விடவும் ஒருவர் வேண்டும். வேலைக்குப் போகாவிட்டால் மகளுக்கு அன்றைய பேர் இல்லை. இந்த இடத்தில் ஒரு தொண்டர் வந்தால், ஒரு மனிதர் திரும்பவும் ஆளின் முகத்தைப் பார்க்கிறார். காதும் அப்படியே. காது மந்தமானவரை நாம் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து தள்ளிவிடுகிறோம். பிறகு அவர் யாரோடும் சேருவதில்லை என்கிறோம்.

தனிமைக்கும் மழைக்கும் தொடர்பு உண்டென்பதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் லயத்துப் படிகளும் பீலிக்கரையும் வழுக்கும். மலசலகூடம் தூரத்தில் இருக்கும். ஒருமுறை விழுந்த முதியவர் பயத்தினால் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், வெளியே வருவதை நிறுத்துவார். படிக்குப் பக்கத்தில் இரண்டு கம்பு நட்டு ஒரு கைபிடி கட்ட, இளைஞர் இருவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இதைச் சமூகசேவை என்று எவரும் பத்திரிகையில் போடமாட்டார்கள். ஆனால் அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்து லயம்வரை போய்வருவார்.

கடைசியாகக் கடிதம். இன்று கையில் தொலைபேசி இல்லாத இளைஞர் இல்லை. நின்றுபோன விலாசத்தைத் தேடி, இந்தியாவில் இருக்கும் உறவின் பேரப்பிள்ளையைக் கண்டுபிடித்து, முகம் பார்த்துப் பேசவைப்பது அவர்களுக்கு முடியாத காரியமன்று. கண்டுபிடித்த அன்று, தேடப்பட்டவர் இறந்துவிட்டார் என்ற செய்தியே கிடைக்கலாம். அதையும் உடனிருந்து கேட்க ஒரு ஆள் வேண்டும். செய்தியைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிடக் கூடாது.

கேட்கவும் வேண்டும், கொடுக்கவும் விட வேண்டும்

தொண்டர்களுக்கு நடத்தப்படும் வகுப்புகளில் முதியவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்றுதான் அதிகம் பேசப்படுகின்றது. அவர்களிடம் என்ன கேட்கலாம் என்று பேசப்படுவது குறைவு. எமது அபிப்பிராயத்தில் இதுவே முக்கியமானது.

சிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரேயில், ம்பாரே என்னும் வறிய பகுதியில் 2006 இல் நடந்ததைப் பாருங்கள். மனக்கவலையால் வருந்துவோரைக் கவனிக்க மருத்துவர் போதவில்லை. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், அந்தப் பகுதியின் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய முற்றத்தில் மர வாங்குகளில் உட்காரவைத்தார். கவலையோடு வருபவர் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அதற்கு 'நட்பு வாங்கு' என்று பெயர். 2016 இல் வெளியான ஆய்வு, இதனால் நோயாளரின் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது. முதியவர் உதவி பெறுபவராக அல்லாமல், உதவி தருபவராக இருந்தார்.

எமது தோட்டங்களில் இது புதிதா? பிள்ளைக் காம்பராவில் நூறு பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடியவர்கள் வயதான ஆயாமார்தாம். பிற்காலத்தில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். பிள்ளைகளின் சுகாதாரத்துக்கும் போசாக்குக்கும் அது நன்மை. அதைப் பின்னே தள்ளச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படலைக்கு உள்ளே பாட்டிமாருக்கு இடமில்லாமற்போயிற்று. வாரத்தில் ஒருநாள் ஒரு பாட்டியை அழைத்துக் கதைசொல்லவைக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றின் பாட்டும் அடவும் ஏட்டில் இருந்ததைவிட வாத்தியார்மாரின் தொண்டையிலும் காலிலும்தான் அதிகம் இருந்தன. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாசி மாதம் காமன் ஊன்றுவதற்கு ஒரு மாதம் முன்னதாக, இளைஞர்கள் ஒரு பழைய வாத்தியாரின் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்டால், அவருக்கு எந்தத் தொண்டரும் ஆறுதல் சொல்லத் தேவையில்லை. 2023 இல் மலையக மக்களின் 200 வருட வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்துபோனோம் என்கிறோம். அந்த வரலாற்றின் கடைசிச் சாட்சிகள் லயத்து மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கொப்பியும் பேனாவும் போதும்.

விதை, மாடு, மூலிகை, பிரசவத்துக்குப் பின் கொடுக்கும் மருந்துச் சாறு, எந்தச் சரிவில் ஊற்று எங்கே கிளம்பும் என்ற ஞாபகம் இவையும் அவர்களிடம் உண்டு. கமம் செய்யும் எமது வாசகர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

சங்கத்தை எப்படி நடத்துவது

புதிதாகச் சங்கம் தொடங்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்பதே எமது எண்ணம். தோட்டத்தில் ஏற்கனவே கோவில் கமிட்டி, மாதர் சங்கம், தொழிற்சங்கக் கிளைகள், இளைஞர் மன்றம் என்று போதியளவு தலைவர்கள் இருக்கிறார்கள். முதியோர் சட்டத்தின் கீழ் கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா போன்ற நிறுவனங்களும் 1986 முதல் முதியோர் பணியில் ஈடுபட்டு வருகின்றன. இவற்றோடு தொடர்பு வைத்திருப்பது பயன் தரும். ஆயினும் கிராம சேவகர் பிரிவின் கூட்டம் நடக்கும் இடம் லயத்திலிருந்து மைல் கணக்கில் கீழே இருக்கும். முழங்கால் வலிக்கும் முதியவர் அதற்குப் போகமாட்டார்.

மரண உதவிச் சங்கமோ ஒவ்வொரு லயத்திலும் இருக்கின்றது. அதனிடம் பெயர்ப்பட்டியல் உண்டு, சந்தா உண்டு, நம்பிக்கை உண்டு. அதன் மாதக் கூட்டத்தில் ஒரு விடயத்தைக் கூட்டிக்கொண்டால் போதும்: இந்த மாதம் எந்த முதியவரை யார் பார்த்தார்கள்? லயத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு; ஒருவர் பெண்ணாக இருத்தல் நல்லது. கிழமையில் இன்ன நாள் என்று குறித்துவிட வேண்டும். முதியவர் அந்த நாளை எண்ணிக்கொண்டு இருப்பார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் விடுவது, ஒருபோதும் போகாமல் இருப்பதைவிட மோசமானது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் நல்ல கொழுந்துக் காலம், கைகள் ஓயா. அந்த மாதங்களில் பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. முதியவரின் கொடுப்பனவுப் பணத்தைத் தொண்டர் தனியே வாங்கிவரக் கூடாது. வாங்க நேர்ந்தால் இரண்டு பேராகப் போய், எண்ணிக் கொடுத்து, கொப்பியில் எழுத வேண்டும். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லும் தொண்டரை முதல் மாதத்திலேயே நிறுத்திவிட வேண்டும். லயத்தில் வதந்தி நெருப்பைவிட வேகமானது. அதன்பின் எந்தக் கதவும் திறக்காது. மருமகளை எதிரியாக்கிக்கொள்ளவும் வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து, பகலெல்லாம் மலையில் நின்று, பின்னேரம் படுக்கைக்காரரின் துணி கழுவுபவள் அவள்தான். அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுப்பதும் முதியோர் பணியே. சாப்பிட மறுப்பது, சாவதைப் பற்றியே பேசுவது, மருந்துப் போத்தலைத் தேடுவது போன்றவற்றைக் கண்டால் தொண்டர் தனியாகச் சமாளிக்க முனையக் கூடாது. தோட்ட வைத்திய நிலையத்துக்கு அறிவித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் பூட்டிவைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது கமக்காரர் வீடுகளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மண் சரிந்தபின்

2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானதென்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. தப்பியவர்கள் மக்கள்தெனியத் தோட்டத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் நெடுநாள் தங்கியிருந்த பின்னர், 2016 இல் 75 வீடுகள் கொண்ட புதிய குடியிருப்புக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டத்தின் பல இடங்கள் சரிந்து, நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாக அது ஆனது.

ஒவ்வொரு முறையும் முகாமில் பிள்ளைகளுக்குப் பாற்பெட்டியும் புத்தகப்பையும் வருகின்றன, வரத்தான் வேண்டும். முதியவரின் மூக்குக்கண்ணாடி, கைத்தடி, பிரஷர் மாத்திரை, கிளினிக் கொப்பி மண்ணுக்குள் போனதை யாரும் எழுதிக்கொள்வதில்லை. முகாமுக்குள் முதலாவது நாளே ஒருவர் இந்த நான்கையும் விசாரித்துப் பட்டியல் எடுத்தால் பெரிய உதவி. வெளியிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இடம்பெயர்ந்தவர்களில் ஒருவரே செய்யலாம்.

பிறகு புதிய வீடு வருகின்றது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது எம்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பெற்ற உரிமை. லயத்துக்குத் திரும்பிப்போக யாரும் ஆசைப்படப் போவதில்லை. ஆனால் நாற்பது வருடமாக ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்து, விடிந்ததும் சுவரைத் தட்டி "எழும்பிட்டியா" என்று கேட்டுக்கொண்ட இரண்டு கிழவிகள், சீட்டுக் குலுக்கலில் ஒருத்தி மேட்டிலும் மற்றவள் பள்ளத்திலும் விழுந்துவிடுகிறார்கள். இடையில் இருக்கும் நூறு படி அவர்களுக்குக் கடலாகிவிடுகின்றது. வன்னியில் மீள்குடியேறிய குடும்பங்களிலும் இதே கதை உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள்.

வீட்டுப் பட்டியல் தயாராகும்போது பிரதேச செயலக அதிகாரிகளிடமும் வீடு கட்டித்தரும் நிறுவனத்திடமும் இதைக் கேட்கலாம். தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளை முதலில் ஒதுக்குங்கள், பழைய அயலவரின் பக்கத்தில், பாதைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கிட்ட ஒதுக்குங்கள், மீதிக்குச் சீட்டுக் குலுக்குங்கள் என்று. யார் பழைய லயத்தில் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்பது எந்தக் கந்தோர்ப் பதிவிலும் இல்லை. மரண உதவிச் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தில், காம்பரா வரிசைப்படி, பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கும். கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.